துரைக்குப் பக்கத்து நாற்காலி

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே ஒரு பட்டாளம் குடியிருந்தது. முருகனுக்கும் பெருமாளுக்கும் இடையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பழுப்பேறிய ஒரு போட்டோவில் முப்பத்திரண்டு பேர். முன்வரிசை ஆட்கள் தரையில் சம்மணம் போட்டிருப்பார்கள். பின்வரிசை ஆட்கள் விறைப்பாக நின்றிருப்பார்கள். நடுவில் நாற்காலிகள். நட்டநடு நாற்காலியில் கால்மேல் கால் போட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை. துரைக்கு வலப்பக்கத்து நாற்காலியில், முறுக்கிவிட்ட மீசையோடு எங்கள் தாத்தா.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியின்மேல் குங்குமம் வைப்பது வழக்கம். எனக்கு எட்டு வயதானபோது அம்மா அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தாள். ஸ்டூலின்மேல் ஏறிப் பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கும்போது என் மூக்கு கண்ணாடியில் இடிக்கும். அவ்வளவு பக்கத்தில் போனால் அந்த ஆட்கள் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். வெயில் காலத்து மதியங்களில், வீடே தூங்கும்போது, நான் மட்டும் கீழே படுத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண் சொக்கும் நேரத்தில் முன்வரிசைக்காரர்கள் யாராவது காலை மாற்றிப் போடுவார்கள். திடுக்கிட்டுப் பார்த்தால் பழையபடியே உட்கார்ந்திருப்பார்கள்.

நாங்கள் இருந்தது ஆந்திராவில், வரதய்யபாளையத்துக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். நான் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா காலம்வரை எங்கள் குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. மற்றவர்கள் வயலில் வேலை செய்தே மூன்று தலைமுறை போயிருந்தது. பெருமை என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

"எங்க ஆளுங்க பெரிய வூட்டு வாசல்ல செருப்ப கையில தூக்கிக்கினு போன காலம் அது. அப்பவே எங்கப்பன் துரைக்குச் சரிசமமா சேர்ல குந்திக்கினு கீறாரு பாரு" என்பார் நைனா. வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

நைனா தன் அப்பாவை நேரில் பார்த்ததில்லை. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே பர்மா பக்கம் போன தாத்தா காய்ச்சலில் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னால் தபாலில் வந்த இந்தப் போட்டோதான் மிச்சம். நைனாவுக்கு விவரம் தெரிந்த வயதில் அவருடைய அம்மா இந்தப் படத்தைக் காட்டி, "இதோ, இவருதாண்டா" என்று துரைக்குப் பக்கத்தில் விரலை வைத்தாராம். அந்த அம்மாவும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

அந்த விரல் காட்டிய முகத்தைப் பார்த்துத்தான் நைனா தன் முகத்தை உருவாக்கிக்கொண்டார் என்று சொன்னால் மிகையில்லை. இருபது வயதில் அதே மாதிரி மீசை வைத்தார். தலைமுடியை அதே பக்கம் வகிடெடுத்தார். காலையில் கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கிவிட்டு ஒரு தடவை படத்தை நிமிர்ந்து பார்ப்பார். தெருவில் எல்லோரும் "அச்சு அசல் அப்பன்தான்" என்பார்கள். தாத்தாவை நேரில் பார்த்தவர்கள் யாரும் அப்போது தெருவில் மிச்சமில்லை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

நானும் என் பங்குக்குச் செய்தேன். எங்கள் தாத்தா ஒரே துப்பாக்கியால் பதினேழு ஜப்பான்காரர்களைச் சுட்டார் என்று ஆறாம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பதினேழு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

அந்த வருடம் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் நாராயணவனத்துப் பக்கம். மணவறைக்குப் பக்கத்தில் தாத்தாவைத் தனியாக, பெரிதாக, கலரில் வைத்து, பெண்ணும் பிள்ளையும் அவர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்று நைனாவுக்கு ஆசை. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஸ்டூடியோவில் பழைய போட்டோவிலிருந்து ஒரே ஒரு ஆளைப் பிரித்துப் பெரிதாக்கி வர்ணம் தீட்டித் தருவதாக யாரோ சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை, படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு நைனா கிளம்பினார். நான் இங்கிலீஷ் போர்டெல்லாம் படிப்பேன் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்.

காளத்தியில் பஸ் மாறினோம். படம் என் மடியில் இருந்தது. ஜன்னல் வழியாக மலை எங்களோடு கூடவே வந்தது. வெயிலில் அது நீலமாகக் கரைந்து, திரும்பச் சேர்ந்து, திரும்பக் கரைந்தது. துண்டுக்குள் முப்பத்திரண்டு பேரும் பஸ் குலுங்கும்போதெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பதி வருவதற்குள் தூங்கிப்போனேன். நைனாவின் கை சட்டத்தின்மேல் இருந்தது.

ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். அதன் வாசலில் நீலச் சட்டை, தோளில் நட்சத்திரம், மார்பில் பளபளவென்று ஒரு வில்லை, தொப்பியில் சிவப்புக் குஞ்சம் என்று ஒருவர் நின்றிருந்தார். பெரிய போலீஸ் அதிகாரி என்று நினைத்து நெற்றியில் கைவைத்து சல்யூட் அடித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"நா வாச்மேன் பாப்பா. இதெல்லாம் லாட்ஜ்காரன் வாங்கிக் குத்தி வுட்ட தகரம். ஒண்ணுத்துக்கும் அர்த்தம் கெடையாது" என்றார். பிறகு, எதிர்பாராத விதமாக, முதுகை நிமிர்த்தி எனக்குத் திருப்பி ஒரு சல்யூட் அடித்தார். அது மட்டும் தகரமாக இல்லை. அவருக்கு நாற்பது வயதிருக்கும். குடியாத்தம் பக்கத்து ஆள், பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

ஸ்டூடியோ உள்ளே இருட்டாகக் குளிர்ந்திருந்தது. சுவரில் ஏரியும் அன்னமும் வரைந்த திரை தொங்கியது. முதலாளி தெலுங்குக்காரர், தமிழும் கலந்து பேசுவார். படத்தைக் குப்புறக் கவிழ்த்து, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பின்பலகையை எடுத்தார். பலகைக்கும் போட்டோவுக்கும் நடுவில் மடிக்காத ஒரு நீளத் தபால் உறை இருந்தது. ஐம்பது வருடமாக அது அங்கே இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அனுப்பியவர் பெயர் எழுதும் ஓரத்தில் இங்கிலீஷில் மையால் ஏதோ எழுதியிருந்தது.

"படி" என்றார் நைனா. நான் அதற்காகத்தானே வந்திருந்தேன்.

தாத்தாவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டேன். ஆனால் பெயருக்கு முன்னால் ஒரு எல், ஒரு சாய்ந்த கோடு, பிறகு ஒரு என், ஒரு கே. அது எனக்குப் பிடிபடவில்லை. "இனிஷியல்லே, அந்தே, அவ்ளோதான்" என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இனிஷியல் கிடையாது. படிக்க முடியாத எழுத்தை விட்டுவிட்டுப் போக என் மானம் இடம் கொடுக்கவில்லை. உறையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வாச்மேனிடம் நீட்டினேன்.

அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "லான்ஸ் நாயக்" என்றார். "சட்டக் கையில ஒத்தப் பட்ட. ரெண்டு பட்ட இருந்தா நாயக், மூணு இருந்தா ஹவில்தார். யாரு பாப்பா இது?"

எங்கள் தாத்தா என்று சொல்லி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். மேஜைமேல் சட்டமில்லாமல் கிடந்த போட்டோவைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதலாளியின் பூதக்கண்ணாடியை வாங்கி முதலில் தொப்பிகளைப் பார்த்தார்.

"இது சண்டக்காரப் பட்டாளம் இல்லண்ணே. தொப்பியில பாருங்க, மம்டியும் பிக்காசும் குறுக்கால வச்சி கீது. ரோடு போட்ற பட்டாளம்."

"துப்பாக்கி?" என்றேன் நான். என் பதினேழு ஜப்பான்காரர்களும் ஒரே நேரத்தில் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போவது தெரிந்தது.

"ரோடு இல்லாங்காட்டி துப்பாக்கி எதுல போவும் பாப்பா? காட்ட வெட்டி, மலய கொத்தி, மழயில நின்னு போட்டாங்க. குண்டு பட்டு செத்தவங்களோட காய்ச்சல்ல செத்தவங்கதான் ஜாஸ்தி." பிறகு நைனாவிடம் கேட்டார். "இதுல உங்கப்பா யாரு?"

நைனா நெஞ்சை நிமிர்த்தித் துரைக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இன்னும் தெரியலியா? என்னப் பாத்தாலே தெரியுமே."

வாச்மேன் பூதக்கண்ணாடியை அந்தக் கையின்மேல் பிடித்தார். சட்டைக் கையில் மூன்று பட்டைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வாராவாரம் குங்குமம் வைத்த எனக்கே அவை இருப்பது தெரியாது. நான் நெற்றியைத் தாண்டிப் பார்த்ததே இல்லை. "போட்டோவும் இந்தக் கவரும் ஒண்ணாவா வந்திச்சி?" என்று வாச்மேன் கேட்டார்.

"ஒண்ணாத்தான். வேற தபாலே வர்ல" என்றார் நைனா.

வாச்மேன் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். நான் அவர் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்து அதைத் தொடர்ந்தேன். தரையில் இருந்தவர்கள் கையில் பட்டையே இல்லை. நாற்காலிக்காரர்களுக்கு மூன்று. பின்வரிசையில் அங்கொருவருக்கும் இங்கொருவருக்கும் இரண்டு. ஒரு பட்டை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பின்வரிசையில் இடக்கோடி. மெலிந்த கை, மடித்துவிட்ட சட்டை, அதன்மேல் தெளிவாக ஒற்றைப் பட்டை. கழுத்துக்குமேல் முகம் இல்லை. எப்போதோ மழைத்தண்ணீர் இறங்கி, தொப்பி முதல் மோவாய்வரை ஒரே பழுப்புக் கறை.

எனக்குக் கணக்கு விடை வந்த சந்தோஷம்.

"நைனா! அந்த மீசக்காரு நம்ம தாத்தா இல்ல! அவுரு ஹவில்தார்! நம்ம தாத்தா இதோ கீறாரு, கோடியில!" என்று கத்தினேன். வாச்மேன் என் தோளை மெதுவாக அழுத்தினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

நைனா குனிந்து, அந்தக் கோடியில் இருந்த கையை வெகுநேரம் பார்த்தார். வெளியே பஸ்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டு போயின. அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பதுபோல்தான் எல்லாம் தெரிகிறது. திரையில் இருந்த அன்னம், முதலாளியின் விரல் நுனியில் ஆணித்துரு, நைனாவின் முறுக்கிய மீசை நுனி.

முதலாளி நல்ல மனிதர். "இருக்கற முகத்ததான் நான் பெரிசாக்க முடியும். நுவ்வு கொடுக்கு, மகன்தானே? வேணும்னா உன்ன ஒரு போட்டோ எடுத்து, உன் முகத்தையே அங்க வச்சி எழுதிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

நைனா தலையை அசைத்தார். "வேணா. என் மூஞ்சிய எதப் பாத்து வச்சிக்கினேன்னு எனக்குத்தான தெரியும்" என்றார். "சட்டத்த மூடிடு சாமி. இருக்கறபடியே இருக்கட்டும்."

உறையையும் உள்ளே வைத்து முதலாளி ஆணி அடித்துக் கொடுத்தார். வாசலில் வாச்மேன் நைனாவிடம், "சங்கடப்படாதீங்கண்ணே, கடைசியில நின்னவனும் அதே மழயிலதான் நின்னான்" என்றார். நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் மலைக்குப் போவோம், லட்டு வாங்குவோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நைனா சாலையைக் கடந்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஒரு முடிவெட்டும் கடைக்குள் போனார். படத்தை என் மடியில் வைத்து, எனக்கு ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "மொட்ட" என்றார். அந்த ஊரில் அது அதிசயமே இல்லை. தெருவில் போகிறவர்களில் பாதிப்பேர் மொட்டை. கடைக்காரர் தலையை முடித்துவிட்டு, கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மீசம் கூடானா?" என்று தெலுங்கில் கேட்டார். மீசையுமா என்று அர்த்தம். மலைக்கு வருகிறவர்களில் பலர் மீசையை எடுக்காமல் விட்டுவிடுவார்களாம். நைனா கண்ணை மூடிக்கொண்டு, "அதுவுந்தான்" என்றார்.

கண்ணாடியில் நைனாவைக் காணவில்லை. அவர் இடத்தில் உதடு வெளுத்த, பால்மணம் மாறாத பையன் மாதிரி யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருமுனையில் யாரோ, "இன்னா, மலைக்குப் போய்க்கினு வந்தியா? லட்டு எங்க?" என்றார்கள். நைனா தலையை ஆட்டிவைத்தார். எனக்குப் பொய் பிடிக்காது. "மலைக்கெல்லாம் போல. பஸ் ஸ்டாண்டாண்ட கடையிலயே அடிச்சிக்கினாரு" என்று திருத்தினேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். நைனாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கல்யாணத்தை வைத்துக்கொண்டு மொட்டையா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். நானே முந்திக்கொண்டு உறை, எழுத்து, வாச்மேன், பட்டை, கோடியில் நிற்கும் தாத்தா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நைனாவின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள காலு வெக்காத. பின்னாண்ட வா" என்றாள்.

படத்தை என் கையிலிருந்து அண்ணன் வாங்கிக்கொண்டான். கிணற்றடியில் நைனாவைக் கிழக்குப் பார்த்து நிற்கவைத்து, அம்மா தன் கையால் நீர் சேந்தித் தலையில் ஊற்றினாள். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். நைனா தோள் குலுங்க நின்றார். தண்ணீர் குளிர்ச்சி என்று நினைத்தேன். பிறகு என்னையும் பாவாடை சட்டையோடு இழுத்து ஒரு குடம் ஊற்றினாள். ஊர் சுற்றிவிட்டு வந்ததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு அழுதேன். கொடியில் இருந்து காய்ந்த வேட்டியைக் கொடுத்து, வாசலில் விளக்கேற்றி, அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

சோறு போடும்போதுதான் அம்மா அதைப் பற்றிப் பேசினாள்.

"அத்தைக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? கட்டுன புருசன் எங்க நிக்கிறான்னு பொம்பளைக்குத் தெரியாதா? கூர ஒழுகி அந்த எடம் அழிஞ்சிபோச்சி. புள்ள வந்து எங்கப்பன் எங்கன்னு கேட்டா, கறையவா காட்டுவா? இருக்கறதுல நல்ல மூஞ்சியா, நல்ல எடமா பாத்து காட்டிட்டா."

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்த ஹவில்தார இன்னா பண்றது?" என்றார் கடைசியில்.

"அவுரு பாவம், எந்த ஊரு பெத்த புள்ளயோ. இத்தினி வருசமா நம்ம வூட்டுப் பொங்கல துன்னுக்கினு இருந்தவருக்கு இன்னிக்கி இல்லன்னா கோவம் வராதா? ரெண்டு பொட்டா வெச்சிட்டா போச்சி" என்றாள் அம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் இரண்டு பொட்டு வைத்தேன். கோடியில் முகம் இல்லாததால் நெற்றி எங்கே என்று குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. அண்ணன் கல்யாணத்தில் முப்பத்திரண்டு பேரும் மணவறைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நைனா யாரிடமும் நாற்காலிக் கதை சொல்லவில்லை. யாராவது கேட்டால், "ரோடு போட்டாரு" என்பார். மீசை அதன்பிறகு வளர்ந்தது. ஆனால் அவர் அதை முறுக்கவில்லை.

நான் இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நைனா போனார். சுடுகாட்டிலிருந்து அண்ணன் திரும்பி வந்தபோது தலையில் முடி இல்லை, உதட்டின்மேல் மீசை இல்லை. பெரியம்மா அவனை வாசலில் மறித்து, "உள்ள காலு வெக்காத. பின்னாண்ட வா" என்றாள். கிணற்றடியில் முதல் குடம் அவன் தலையில் விழுந்தது. ஈரச் சேலையோடு தூணில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

தாத்தா செத்த தந்தி வந்தபோது நைனாவுக்கு எடுப்பதற்குத் தலையில் முடியே முளைத்திருக்கவில்லை. கொள்ளி வைக்க உடம்பும் இல்லை. பிள்ளை செய்ய வேண்டியது அப்படியே நின்றுபோயிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல், ஒரு சனிக்கிழமை மதியம், பெயர் தெரியாத ஒருவரின் கத்திக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு, அவர் தன் அப்பாவுக்கு அதைச் செய்துகொண்டிருந்தார். எதிர்ப் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு, சர்பத்தை உறிஞ்சிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.